செல்போனா, காமிராவா? வாங்கும் முன் 15 இலக்க நம்பரைப் பாருங்க!

குரோம்பேட்டை, பல்லாவரம் கடைகளில் ஒரு சுற்று
(நமது நிருபர்)

குரோம்பேட்டை:-

மாலை 6 மணி. குரோம்பேட்டை ஸ்டேஷனில் மின்சார ரெயில் வந்து நின்றது. கூட்டம் திமுதிமு என்று ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வந்தது.

குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்ற ஊர் இது. இன்று துணிக்கடை, நகைக்கடை, செல்போன் கடைகளால் பிதுங்குகிறது.

ரோட்டோரக் கடை ஒன்றின் வாசலில் ஒரு அப்பாவுக்கும் மகளுக்கும் வாக்குவாதம். மகள் காலேஜ் மாணவி.

"என்கூட படிக்கிற பொண்ணுங்க சின்ன டிஜிட்டல் காமிராதான்பா வச்சிருக்காங்க. அதுல எடுத்தாத்தான் படம் நல்லா இருக்கு."

"போன்லயே காமிரா இருக்கேம்மா. தனியா எதுக்கு? சீட்டு எடுத்த பணம் இது. ஏதாவது ஒண்ணுதான் வாங்க முடியும்."

கடைக்காரர் ஒரு போனை எடுத்து நீட்டினார். "50 மெகா பிக்சல் சார். காமிராவே தோத்துடும்!"

அப்பா நம்மைத் திரும்பிப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்க தம்பி, எது வாங்கலாம்?"

நல்ல கேள்வி. சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. எனவே விசாரணையில் இறங்கினோம். அந்த விவரம் வருமாறு:-

காசெட்டில் பதிந்த படம்

டிஜிட்டல் காமிரா பிறந்தது 1975-ல். அமெரிக்காவில் கோடக் கம்பெனி என்ஜினீயர் ஸ்டீவன் சாசன் அதைச் செய்தார். ஒரு படத்தைப் பதிய 23 வினாடி ஆனது. பதிந்தது எதில் தெரியுமா? பாட்டு கேட்கிற காசெட்டில்! படத்தில் மொத்தம் 10 ஆயிரம் புள்ளிகள்தான்.

பிலிமை விற்றுப் பிழைத்த கோடக், தன் வீட்டில் பிறந்த பிள்ளையைக் கண்டுகொள்ளவில்லை. 2012 ஜனவரியில் அந்தக் கம்பெனி திவால் மனு கொடுத்தது.

அந்த டிஜிட்டல் காமிராவுக்கும் வந்தது ஆபத்து. 2010-ம் ஆண்டில் ஜப்பான் காமிரா கம்பெனிகள் உலகம் முழுவதற்கும் அனுப்பிய டிஜிட்டல் காமிராக்கள் 12 கோடிக்கு மேல். 2023-ல் அது சுமார் 77 லட்சமாகச் சுருங்கி விட்டது. காரணம் செல்போன்!

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். வீட்டுப் பரணில் கிடந்த பழைய சின்ன காமிராவுக்கு இப்போது காலேஜ் பிள்ளைகளிடம் திடீர் கிராக்கி.

மெகா பிக்சல் மாயம்

கடைக்குப் போனதும் முதலில் காதில் விழுவது மெகா பிக்சல் கணக்கு. ஒரு மெகா பிக்சல் என்றால் 10 லட்சம் புள்ளி. 50 மெகா பிக்சல் என்றால் 5 கோடி புள்ளி.

ஆனால் 50 மெகா பிக்சல் போன்களில் பல, 4 புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு புள்ளியாக்கித்தான் படம் தருகின்றன. கைக்கு வருவது பன்னிரண்டரை மெகா பிக்சல் படம்.

அது குறைவா? இல்லை. ஏ-4 தாள் அளவுக்குப் பளிச்சென்று பிரிண்ட் போட 9 மெகா பிக்சல் போதும். வாட்ஸ்அப்பில் அனுப்ப அதுவும் தேவையில்லை. எனவே 50-க்கும் 108-க்கும் வித்தியாசம் என்று சொல்லிக் கூடுதலாகப் பணம் கேட்டால் யோசியுங்கள்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. வெளிச்சத்தை வாங்கும் சில்லு எவ்வளவு பெரிசு? இதற்கு சென்சார் என்று பெயர். சென்சார் பெரிதாக இருந்தால் மங்கிய வெளிச்சத்திலும் படம் தெளிவாக விழும்.

பாக்கெட்டில் அடங்கும் பழைய காமிராக்களில் பெரும்பாலும் இது 6 மில்லி மீட்டருக்கு நாலரை மில்லி மீட்டர்தான். இன்றைய பல செல்போன்களில் அதைவிடப் பெரிய சென்சார் இருக்கிறது. லென்சைக் கழற்றி மாட்டும் பெரிய காமிராவிலோ கதையே வேறு. அதில் முழு அளவு சென்சார் 36-க்கு 24 மில்லி மீட்டர்!

எதற்கு எது?

அப்படியானால் சின்ன காமிரா வேஸ்டா? அதுவும் இல்லை.

மேடையில் மகள் ஆடுகிறாள், நீங்கள் கடைசி வரிசையில் இருக்கிறீர்கள். காமிரா தன் லென்சை நீட்டிப் பக்கத்தில் கொண்டு வரும். சாதாரண செல்போன் படத்தை வெட்டித்தான் பெரிதாக்கும். முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். வாங்கும்போது "லென்ஸ் ஜூமா, வெட்டுகிற ஜூமா?" என்று கேளுங்கள். விலை அதிகமுள்ள சில போன்களில் லென்ஸ் ஜூம் உண்டு.

பிளாஷும் அப்படித்தான். காமிரா பிளாஷ் மின்னல் போல அடிக்கும். போனில் இருப்பது சின்ன டார்ச் விளக்கு. கொஞ்ச தூரத்துக்கு அப்பால் வேலைக்கு ஆகாது.

ஆனால் இரவில் அசையாமல் இருக்கும் காட்சியை எடுப்பதில் போன் கெட்டிக்காரப் பிள்ளை. பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்த்துத் தருகிறது. எடுத்த கையோடு அனுப்பவும் முடியும்.

ஆக, வீட்டுப் படம், விசேஷம், பாடம், பேங்க் வேலை எல்லாவற்றுக்கும் ஒரே சாமான் என்றால் செல்போன். கல்யாண ஆர்டர் எடுத்துச் சம்பாதிக்கப் போகிறீர்கள் என்றால் லென்ஸ் மாற்றும் காமிரா. சின்ன காமிரா ஆசைக்கு. அதைக் கையில் மிச்சக் காசு இருக்கும்போது வாங்கலாம்.

வெள்ளிக்கிழமை சந்தை

புதுசு வாங்க வசதி இல்லாதவர்கள் போகும் இடங்கள் உண்டு. ரெயிலேறி பீச் ஸ்டேஷனில் இறங்கினால் பர்மா பஜார். மவுண்ட் ரோடு பக்கம் போனால் ரிச்சி தெரு. குரோம்பேட்டைக்காரர்களுக்கு அவ்வளவு தூரம்கூட வேண்டாம். அடுத்த ஸ்டேஷன் பல்லாவரம். அங்கே வெள்ளிக்கிழமை தோறும் சந்தை கூடுகிறது.

செடி, துணி, கட்டில், பீரோ, பழைய டேப் ரிக்கார்டர், காமிரா, செல்போன், சார்ஜர் என்று அங்கே கிடைக்காத சாமான் இல்லை. துணியை விரித்து அதன் மேல் பரப்பி வைத்திருப்பார்கள். பேரம் பேசத் தெரிந்தவனுக்குக் கொண்டாட்டம்.

நேர்மையாக விற்பவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். ஆனால் பழைய சாமானுக்கு ஒரு பழைய கதை இருக்கும். அந்தக் கதை என்ன என்று கேட்டு விட்டுத்தான் காசை எடுக்க வேண்டும்.

நம்பரைத் தட்டு!

கதையைச் சொல்ல செல்போனுக்கு வாய் உண்டு. அதுதான் ஐ.எம்.இ.ஐ. என்ற 15 இலக்க நம்பர். போனில் *#06# என்று அடித்தால் திரையில் வரும். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு நம்பர் வரும்.

இந்த நம்பர் இல்லாத போன்களின் இணைப்பு 2009 நவம்பர் 30-ந் தேதி நள்ளிரவோடு நாடு முழுவதும் துண்டிக்கப்பட்டது. 2023 மே மாதம் மத்திய அரசு 'சஞ்சார் சாத்தி' திட்டத்தைத் தொடங்கியது. அதன்படி திருட்டுப் போன நம்பரைப் பதிவு செய்தால் எந்தக் கம்பெனி சிம் போட்டாலும் அந்தப் போன் வேலை செய்யாது.

வாங்கப் போகிறவரும் சோதிக்கலாம். கே.ஒய்.எம். என்று 3 ஆங்கில எழுத்தை அடித்து, ஓர் இடம் விட்டு, 15 இலக்க நம்பரை அடித்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். போனின் கம்பெனி, மாடல் விவரம் பதிலாக வரும். 'பிளாக் லிஸ்ட்', 'டூப்ளிகேட்', 'ஏற்கனவே உபயோகத்தில்' என்று வந்தால் உஷார்! அப்படியே வைத்து விட்டு நடையைக் கட்டுங்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. விற்கிறவரை உங்கள் எதிரிலேயே அவருடைய கூகுள் கணக்கை நீக்கச் சொல்லுங்கள். சொந்தப் போன் என்றால் அரை நிமிஷ வேலை. "பாஸ்வேர்டு மறந்து போச்சு" என்று தலையைச் சொறிந்தால், அவர் சொந்தக்காரர்தானா என்று சந்தேகப்பட வேண்டியதுதான்.

நம்பரை அழித்து மாற்றும் ஆசாமிகளும் இருக்கிறார்கள். 2023 தொலைத்தொடர்பு சட்டப்படி அதற்கு 3 ஆண்டு வரை ஜெயில், 50 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

நிருபரே ஏமாந்த கதை

ஊருக்கு உபதேசம் சொல்லும் இந்த நிருபரும் ஒரு முறை மாட்டியவர்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. ராத்திரி விபத்துப் படம் எடுக்க ஒரு காமிரா வேண்டும். ஒரு பழைய சாமான் கடையில் '14 மெகா பிக்சல்' என்று எழுதியிருந்ததைப் பார்த்து மயங்கி விட்டேன். சம்பளத்தில் பாதி போனது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வண்டவாளம் தெரிந்தது. அதற்குப் போடும் மெமரி கார்டு கடைகளில் இல்லை. பேட்டரி 20 படத்தில் படுத்து விட்டது. லென்சுக்குள் பூஞ்சைக் காளான். முதல் ராத்திரி எடுத்த படம் முழுவதும் வெள்ளைப் புகை. ஆபீசில் நடந்த அர்ச்சனை தனி!

அதோடு முடிந்ததா? ஒரு நாள் செய்தி சேகரிக்கப் போன போலீஸ் நிலையத்தில், தெரிந்த ஏட்டு ஒருவர் காமிராவை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அடியில் இருந்த நம்பர் சுரண்டப்பட்டிருந்தது.

"இதுக்கு பில் இருக்கா தம்பி?" என்று கேட்டார். எனக்கு வேர்த்து விட்டது. பில் இல்லை. நல்ல வேளை, அதன் பேரில் புகார் எதுவும் வரவில்லை. அன்று முதல் நம்பர் பார்க்காமல் எதையும் வாங்குவதில்லை.

காமிராவுக்கு 14422 கிடையாது. அதனால் கூடுதல் ஜாக்கிரதை தேவை. அடியில் உள்ள நம்பரும் பில் நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். சில காமிராக்கள் எடுக்கும் படத்துக்குள்ளேயே அந்த நம்பரைப் பதிந்து வைக்கும். ஒரு படம் எடுத்து, கம்ப்யூட்டரில் அதன் விவரத்தைத் திறந்து ஒப்பிட்டால் குட்டு வெளிப்படும். லென்சை டார்ச் அடித்துப் பாருங்கள். கார்டும் பேட்டரியும் இன்னும் விற்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

பில் எங்கே?

"பில் இல்லாமன்னா வரி மிச்சம் சார்" என்று சிலர் ஆசை காட்டுவார்கள். செல்போனுக்கும் டிஜிட்டல் காமிராவுக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். மிச்சம் பெரிதாகத்தான் தெரியும். ஆனால் ரிப்பேர் வந்தால் எதைக் காட்டுவீர்கள்?

2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி பில் தர மறுப்பது முறையற்ற வாணிபம். 1915 என்ற நம்பருக்கு போன் செய்து புகார் சொல்லலாம். தனி ஆளிடம் வாங்கினால் பெயர், விலாசம், மாடல், 15 இலக்க நம்பர் எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை. தெரியாமல் வாங்கியிருந்தால் தண்டனையில் இருந்து தப்பலாம். ஆனால் போன் வழக்குச் சொத்தாகப் போய் விடும். கொடுத்த பணம் கோவிந்தா!

உங்கள் போனே திருட்டுப் போனாலும் இந்த பில்தான் கை கொடுக்கும். குரோம்பேட்டை, பல்லாவரம் எல்லாம் 2022 ஜனவரி முதல் தாம்பரம் போலீஸ் கமிஷனர் எல்லைக்குள் வந்து விட்டன. உள்ளூர் ஸ்டேஷனில் புகார் கொடுத்து, அதன் நகலோடு சஞ்சார் சாத்தியில் நம்பரைப் பதிந்தால் போன் முடங்கும். யாராவது சிம் போட்டால் போலீசுக்குத் தகவல் போகும். நம்பரை இன்றே ஒரு தாளில் குறித்து பீரோவில் வையுங்கள். போனுக்குள் எழுதி வைத்துப் பிரயோஜனம் இல்லை!

அடுத்த சீட்டுக்கு...

கடை வாசலில் நின்ற அந்த அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னோம். மகளும் கேட்டுக் கொண்டாள்.

போன்தான் என்று முடிவானது. பாதி விலைக்குப் பழசு ஒன்றைக் கடைக்காரர் காட்டினார். மகளே *#06# தட்டினாள். 14422-க்கு அனுப்பினாள். வந்த பதிலையும், பெட்டியில் இருந்த நம்பரையும், பழைய பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு இலக்கமாக அப்பா படித்தார். எல்லாம் ஒத்துப் போயின. அதன் பிறகுதான் சட்டைப் பையில் இருந்து பணம் வெளியே வந்தது.

"அப்ப காமிரா?" என்றாள் மகள்.

"அடுத்த சீட்டு எடுக்கும்போது பார்க்கலாம்மா" என்று சொல்லி விட்டு, அப்பா ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

சோதனைக்கு ஆனது மொத்தம் 5 நிமிஷம். வாசகர்களே, அந்த 5 நிமிஷத்தைச் சோம்பல் படாதீர்கள்!