மேடு ஏறாத லேண்ட் ரோவரும் கேம் சாப்ட் கணக்கும்

சில மாதங்களுக்கு முன் பசறைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எனது உதிரிப்பாகக் கடைக்கு வந்தார். பழைய பெற்றோல் லேண்ட் ரோவர் ஒன்றை வைத்துத் தோட்டப் பாதைகளில் மரக்கறியும் உரமும் ஏற்றி இறக்குபவர். "நானா, வண்டிக்கு இழுவையே இல்ல. மேட்டுல முதலாம் கியர்லயும் திணறுது. பெரிய கேம் ஒன்டு போட்டா சரியாகும் என்டு சொல்றாங்க. இருக்கா?" என்று கேட்டார். காசு கையிலேயே இருந்தது. வீட்டு நகையை அடகு வைத்த காசு என்பது பிறகுதான் தெரிந்தது.

கேம் சாப்ட் கடையில் இருந்தது. ஆனால் அன்று நான் விற்கவில்லை. அதற்குக் காரணம் எனது பழைய நட்டம் ஒன்று.

2009ஆம் ஆண்டு எனது வாடகை வண்டிக்கு, ஒரு வியாபாரி புகழ்ந்த 'ரேசிங்' கேம் ஒன்றை வாங்கிப் பூட்டினேன். சமதரையில் வண்டி பறந்தது. அப்புத்தளை ஏற்றத்தில் கொண்டை ஊசி வளைவு வந்ததும் செத்துப்போனது. என்ஜின் வேகமாகச் சுற்றினால்தான் அந்தக் கேமுக்கு உயிர் வரும். சாரதி கிளச்சை அரை மிதியில் வைத்தே ஏற்றினார். இரண்டு மாதத்தில் கிளச் தட்டு கருகியது. ஒரு தோட்டத்துக்கு உரம் ஏற்றும் வேலையும் அதோடு கைவிட்டுப் போனது. கேம் வாங்கிய காசை விட அந்த வேலை போனதுதான் எனக்குப் பெரிய அடி.

விடயம் இதுதான். என்ஜினுக்குள் காற்றும் பெற்றோலும் எப்போது நுழைய வேண்டும், புகை எப்போது வெளியேற வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கேம் சாப்ட். கிராங் இரண்டு சுற்றுச் சுற்றும்போது கேம் ஒரு சுற்றுச் சுற்றும். அதிலுள்ள மேடுகள் வால்வுகளைத் திறக்கின்றன. வால்வு நீண்ட நேரம் திறந்திருந்தால் அதிவேகத்தில் என்ஜின் நன்றாக மூச்சு விடும். ஆனால் மெதுவாகச் சுற்றும்போது உள்ளே இழுத்த கலவையில் ஒரு பகுதி திரும்பி வெளியே போய்விடும். பந்தயக்காரனுக்கு முதலாவது வேண்டும். கொழுந்துச் சாக்கு ஏற்றுகிறவனுக்கு அது நட்டம்.

எமது ஊவாவில் இன்னொரு பிரச்சினையும் உண்டு. உயரம் ஒவ்வொரு 300 மீற்றர் கூடும்போதும் என்ஜின் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்கு வலுவை இழக்கும். பதுளை நகரம் சுமார் 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அப்புத்தளை 1,400 மீற்றருக்கும் மேல். அங்கே வலுவில் ஏழில் ஒரு பங்களவு காற்றோடு போய்விடுகிறது. பழைய 2.25 லீற்றர் பெற்றோல் என்ஜினுக்குப் புதிதாக இருந்தபோதே இருந்தது சுமார் 70 குதிரைவலுதான்.

ஆகவே தம்பியிடம், "முதல்ல அளந்து பார்ப்போம்" என்றேன். எமது கராஜ் பாஸ் ரொக்கர்களைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு புஷ் ரொட்டின் மேலும் டயல் கேஜை வைத்து என்ஜினைக் கையால் சுற்றினார். எட்டு மேடுகளில் ஆறு கிட்டத்தட்ட ஒரே அளவில் உயர்ந்தன. இரண்டு, மற்றவற்றை விட ஒரு மில்லிமீற்றர் அளவுக்குக் குறைவு. இந்த என்ஜினில் கேமின் மேல் ஓடுவது உருளை வைத்த டப்பட். உருளை சுற்றாமல் இறுகிவிட்டால் மேட்டைத் தேய்த்தே தின்றுவிடும். இங்கே நடந்ததும் அதுதான். இழுவை போனதற்குக் காரணம் கேம் சிறியதாக இருந்தது அல்ல, தேய்ந்தது.

மாற்றியே ஆக வேண்டும் என்றான பிறகு, எதைப் போடுவது? நான் கொடுத்தது 1980களின் நடுப்பகுதியில் வந்த 2.5 லீற்றர் என்ஜினின் கேம். அது 2.25 என்ஜினுக்குள் பொருந்தும். கீழ்ச் சுற்றிலேயே இழுவை கூடுகிறது என்று இந்த வண்டி வைத்திருப்போர் பலரும் சொல்வார்கள். எனது அனுபவமும் அப்படித்தான். 70 குதிரை 100 ஆகாது என்பதையும் தம்பியிடம் சொல்லியே விற்றேன்.

வேலை சிறியதல்ல. ரேடியேட்டரையும் முன்பலகையையும் கழற்ற வேண்டும். டப்பட்களை எடுக்க சிலிண்டர் ஹெட்டும் கழற வேண்டும். கேமை முன்பக்கமாகத்தான் இழுக்க முடியும். டிஸ்ட்ரிபியூட்டரும் ஒயில் பம்பும் அதே கேமிலிருந்துதான் ஓடுகின்றன என்பதால் அந்தப் பற்சக்கரத்தையும் முதலில் விடுவிக்க வேண்டும். கேம் விலையோடு ஹெட் கேஸ்கட், டப்பட் உருளைகள், டைமிங் செயின் எல்லாவற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள். பழைய உருளையைப் புதிய கேமில் ஓடவிடுவது காசை ஆற்றில் போடுவது. டைமிங்கைப் பழைய அடையாளத்தை நம்பி வைக்காமல் டயல் கேஜிலேயே வைக்கச் சொன்னேன். கடைசியில் வால்வு இடைவெளி 10 தௌ. அதாவது கால் மில்லிமீற்றர்.

ஐந்து நாட்கள் வண்டி நின்றது. அந்த ஐந்து நாள் வருமானத்தையும் செலவுக் கணக்கில் எழுதச் சொன்னேன். எமது ஆட்களில் பலர் இதை எழுதுவதில்லை.

ஜப்பான் டீசல் என்ஜின் ஒன்றை இறக்கலாமே என்று கேட்பவர்களும் உண்டு. இறக்கலாம்தான். ஆனால் என்ஜின் இலக்கமும் எரிபொருளும் மாறுவதை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். பதியாத வண்டியை விற்கப் போகும்போது விலை பாதியில் நிற்கும். 2020 முதல் 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்த காலத்தில், புத்தகம் சுத்தமாக இருந்த பழைய ஜீப்புகளுக்குத்தான் நல்ல விலை வந்தது. பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் தேடி அலைந்தவர்களுக்கு இது தெரியும்.

தம்பி மூன்று வாரம் கழித்து வந்தார். முன்பு முதலாம் கியரில் திணறிய ஏற்றத்தை இப்போது இரண்டாம் கியரில் ஏறுகிறாராம். "பெற்றோல் குறைஞ்ச மாதிரித் தெரியல்ல நானா" என்றார். குறையும் என்று நான் சொல்லியிருக்கவுமில்லை. மீதிக் காசில் அரைவாசியைத் தந்தார். மற்ற அரைவாசி நகையை மீட்ட பிறகு என்று கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.