பக்கவாட்டில் ஒரு தள்ளு

கோவை துடியலூரில் மேட்டுப்பாளையம் சாலையை ஒட்டி மோட்டார் பம்பு செய்கிறவர்களும் காயில் கட்டுகிறவர்களும் நிறைய. சப்மெர்சிபிள் மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தால் ரோட்டாரைப் பாருங்கள். இரும்புத் தகடுகளின் அடுக்குக்குள் செம்புத் தண்டுகளைச் செருகி, இரு முனையிலும் வளையம் வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். எண்ணூறு அடி போரிலிருந்து தோட்டத்துக்குத் தண்ணீர் ஏறுவது, அந்தத் தண்டுகளுக்குள் நகரும் எலக்ட்ரான்கள் வாங்கும் தள்ளால்தான்.

அந்தத் தள்ளைக் கணக்கிட மூன்று எண்களைப் பெருக்கினால் போதும்: மின்னூட்டம், வேகம், காந்தப் புலம். வேகமும் புலமும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இல்லையென்றால் கோணத்தின் சைன் மதிப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தண்டில் சதுர மில்லிமீட்டருக்கு 6 ஆம்பியர் ஓடுகிறது, புலம் 0.8 டெஸ்லா என்று வைத்துக்கொள்வோம். எலக்ட்ரான் கூட்டம் நகரும் வேகம் வினாடிக்கு 0.44 மில்லிமீட்டர்தான். எறும்பு எவ்வளவோ மேல்! எலக்ட்ரானின் மின்னூட்டமோ, புள்ளிக்குப் பின் 18 சுழியம் போட்டு 16 எழுத வேண்டிய அளவு கூலும். பெருக்கினால், ஓர் எலக்ட்ரானின் மேல் விழும் விசை புள்ளிக்குப் பின் 22 சுழியமும் அப்புறம் 56-உம்; அத்தனை நியூட்டன். ஒன்றுமே இல்லை என்றுதான் தோன்றும்.

ஆனால் 6 மில்லிமீட்டர் கனமும் 10 சென்டிமீட்டர் நீளமும் உள்ள செம்புத் தண்டில் ஓடித்திரியும் எலக்ட்ரான்கள், 24-க்குப் பின் 22 சுழியம். இந்தச் சுழியங்கள் அந்தச் சுழியங்களை அடித்துவிட, கையில் நிற்பது 13 நியூட்டன். ஒரே தண்டுக்கு ஒன்றே கால் கிலோவுக்கு மேல்! (நிஜத்தில் இதில் பெரும்பங்கைச் சுற்றியுள்ள இரும்பு வாங்கிக்கொள்கிறது, மொத்தம் மாறாது.)

இந்த விசை ஒருபோதும் போகும் திசையில் தள்ளாது, எப்போதும் பக்கவாட்டில்தான். செம்புக்குள் இருக்கும் எலக்ட்ரானுக்கு விலக வழியில்லை, அதனால் தண்டையே தள்ளுகிறது. வெட்டவெளியில் வரும் துகளோ வேகம் குறையாமல் வளைந்து போய்விடும்.

அதே சாலையில் மலையேறினால் ஊட்டி. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வகம் அங்கே விண்கதிர்களை எண்ணுகிறது. பூமியின் காந்தப் புலம் மோட்டாருக்குள் இருப்பதில் இருபதாயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் விண்கதிராக வரும் புரோட்டானின் வேகம் ஏறக்குறைய ஒளியின் வேகம். அதே பெருக்கலைப் போட்டால், நம் எலக்ட்ரான் வாங்கியதைப்போல மூன்று கோடி மடங்குக்கு மேல் விசை! சுமார் 1,700 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்குக் குறைந்த புரோட்டான்கள் நேர் மேலிருந்து ஊட்டியை எட்ட முடியாமல் வளைந்து திரும்பிவிடுகின்றன.

2015 ஜூன் 22 அன்று சூரியனிலிருந்து வந்த பிளாஸ்மா பூமியின் காந்தக் கவசத்தில் மோதியது. அந்த 1,700 கோடி வரம்பு கொஞ்சம் தளர்ந்தது. வழக்கமாகத் திரும்பிப் போயிருக்க வேண்டிய துகள்கள் உள்ளே நுழைய, அவை காற்றில் மோதி உண்டாக்கும் மியூவான் துகள்களின் எண்ணிக்கை ஊட்டியில் இரண்டு மணி நேரம் கூடியே இருந்தது.