கேக் மேலே நம்ம ஜோடி... கல்யாண பொம்மையை நீங்களே செய்யலாம்!

கல்யாண வரவேற்பில் கேக் வெட்டிய அரை மணி நேரத்தில் தட்டுகள் காலியாகிவிடும். மிஞ்சுவது, உச்சியில் நின்ற ஜோடி பொம்மை மட்டும்தான். ‘கேக் டாப்பர்’ எனப்படும் அது, பல வருடங்கள் வீட்டு ஷோகேஸில் இருக்கும். ஆனால், கடைகளில் கிடைக்கும் பல பொம்மைகள் கோட் சூட், வெள்ளை கவுன், ரோஸ் நிற முகம் என ஒரே மாதிரிதான். தங்கைக்கோ தோழிக்கோ கல்யாணம் என்றால், அவர்களைப் போன்ற பொம்மையை நீங்களே செய்து கொடுக்கலாம். சிற்பக்கலை தெரிந்திருக்க வேண்டியதில்லை. அந்த ஜோடியைத் தெரிந்திருந்தால் போதும்.

மகாராணி கேக்கில் ஒரு நாய்!

1840-ல் விக்டோரியா மகாராணிக்கும் இளவரசர் ஆல்பர்ட்டுக்கும் நடந்த திருமணத்தில் வைக்கப்பட்ட கேக்கின் எடை சுமார் 300 பவுண்டு. அதாவது, ஏறக்குறைய 136 கிலோ. அதன் மேல் சர்க்கரையில் செய்த மணமக்களை பிரிட்டானியா தேவி ஆசீர்வதித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் காலடியில் விசுவாசத்துக்கு அடையாளமாக ஒரு நாய், மணப்பெண்ணின் காலடியில் ஜோடிப் புறாக்கள்.

இன்றைக்கும் பொம்மையைப் பேசவைப்பது இப்படிப்பட்ட சின்ன விஷயங்கள்தான். இரண்டு அங்குல பொம்மையில் முகச்சாயல் கொண்டுவருவது கைதேர்ந்தவர்களுக்கே கடினம். மாப்பிள்ளையின் கண்ணாடி, பெண்ணின் சுருட்டை முடி, முகூர்த்தப் புடவையின் நிறம், இருவரும் ஊர்சுற்றிய ஸ்கூட்டர், வீட்டுப் பூனை... இவற்றில் இரண்டோ மூன்றோ இருந்தால், ‘அட, நம்ம ஜோடி!’ என்று பாட்டிகூட சொல்லிவிடுவார்.

தேவையானவை

வெள்ளை ஃபாண்டன்ட் 250 கிராம், சி.எம்.சி பவுடர் (அல்லது டைலோஸ் பவுடர்) 1 டீஸ்பூன், உணவுக்கான ஜெல் கலர்கள், கொஞ்சம் கார்ன்ஃபிளார், பல் குத்தும் குச்சிகள், ஒரு ஸ்ட்ரா. எல்லாமே பேக்கிங் சாமான்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும்.

ஃபாண்டன்ட்டில் சி.எம்.சி பவுடரைப் பிசைந்து, காற்றுப் புகாமல் சுற்றி ஓர் இரவு வைத்தால், காய்ந்ததும் இறுகும் மாவு தயார். 2 டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கால் டீஸ்பூன் சி.எம்.சி கலந்து ஊறவைத்தால், அதுவே பசை.

தோல் நிறத்துக்கு பிரவுனுடன் துளி ஆரஞ்சு சேர்க்கலாம். சில மணி நேரத்தில் நிறம் அடர்த்தியாகும் என்பதால், தேவையானதைவிட ஒரு மடங்கு வெளிறியே கலக்கவும்.

புடவையும் வேட்டியும்தான் சுலபம்!

பேன்ட் போட்ட பொம்மை, மெல்லிய கால்களில் நிற்க முடியாமல் சாயும். வேட்டிக்கு ஓர் உருளை, புடவைக்கு ஒரு கூம்பு போதும். அகலமான அடிப்பாகம் இருப்பதால் அசையாமல் நிற்கும். மாவை மெல்லிசாகத் தேய்த்து, விசிறி மடிப்பாக மடித்து கூம்பின் முன்னால் ஒட்டினால் கொசுவம் வந்துவிடும். இன்னொரு பட்டையைத் தோள்வழியே விட்டால் முந்தானை.

உடலை 2 நாள் காயவிட்டு, நடுவில் முன்பே செருகிவைத்த குச்சியில் தலையைப் பொருத்தவும். ஈரமாக இருக்கும்போதே தலையை வைத்தால், கழுத்து உள்ளே அமுங்கிவிடும். கண்ணுக்கு இரண்டு கறுப்புப் புள்ளிகள், சிரிப்புக்கு ஸ்ட்ராவின் நுனியைச் சாய்த்து ஓர் அழுத்து... முகம் முடிந்தது. மூக்கு செய்யப் போய் முகத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கடைசியாக முடி, பூ, மாலை. கைகளில் மட்டும் ஒரு ஜோடி கூடுதலாகச் செய்து வையுங்கள். முதலில் உடைவது அதுதான்.

அவசரப்பட்டால் போச்சு!

முகூர்த்தத்துக்கு 2 வாரம் முன்பே தொடங்குவது நல்லது. மழைக்காலத்திலும் கடலோர ஊர்களிலும் காய அதிக நாளாகும். ஃபேன் காற்றில் வைக்கலாம். வெயிலில் வைத்தால் நிறம் மங்கும். ஃப்ரிட்ஜில் வைத்தால், வெளியே எடுத்ததும் வியர்த்து, பிசுபிசுத்து, சாயம் வழியும். ஈரமான க்ரீம்மேல் நேரடியாக வைத்தாலும் அடிப்பாகம் கரையும். எனவே, பொம்மையைச் சின்ன கேக் போர்டில் ஒட்டி, மண்டபத்தில் கேக் வெட்டுவதற்குச் சற்று முன் உச்சியில் வையுங்கள். வெட்டும் முன் போர்டோடு தூக்கிவிடலாம்.

மினுமினுப்பில் கவனம்

ஜரிகைக்குத் தங்கத்தூள் பூசும்போதுதான் உஷார் தேவை. 2018-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், பிறந்தநாள் கேக் சாப்பிட்ட 6 குழந்தைகளுக்கு வாந்தி வந்தது. கேக்கில் பூசியிருந்த ரோஸ் கோல்டு தூளில் தாமிரம் மிக அதிகமாக இருந்ததே காரணம். ‘நான்-டாக்ஸிக்’ என்று போட்டிருந்தால் சாப்பிடலாம் என்று அர்த்தமல்ல. ‘எடிபிள்’ என்ற வார்த்தை, பொருள்களின் பட்டியல், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ-யின் 14 இலக்க உரிம எண் மூன்றும் டப்பாவில் இருக்கிறதா என்று பாருங்கள். கைவினைக் கடை கிளிட்டர், ஃபெவிகால், பூக்கம்பி ஆகியவை கேக்கைத் தொடவே கூடாது. பொம்மைக்குள் குச்சி இருப்பதால், அதைக் குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டாம். கேக் வெட்டுபவரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள்.

எறும்பிடமிருந்து காப்பாற்ற...

சர்க்கரை பொம்மை என்பதால் எறும்பு தேடி வரும். மூடியுள்ள கண்ணாடிப் பெட்டியில், ஒரு சிலிகா ஜெல் பாக்கெட்டோடு, வெயில் படாத இடத்தில் வைத்தால் பல வருடங்கள் இருக்கும். பரிசாகக் கொடுக்கும்போது அந்தப் பெட்டியையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள். கல்யாண வீட்டு அமளியில் பெட்டி தேட யாருக்கும் நேரமிருக்காது!