புற்றுநோய் வலியைத் தாங்கித்தான் ஆக வேண்டுமா?

புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டதுமே நம்மை இரண்டு பயங்கள் பிடித்துக்கொள்கின்றன. ஒன்று மரண பயம், மற்றொன்று வலியைப் பற்றிய பயம். நோயை எல்லோருக்கும் குணமாக்க முடிவதில்லை. ஆனால் வலியைப் பெரும்பாலோருக்குத் தணிக்க முடியும். இது பல குடும்பங்களுக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

உலக சுகாதார நிறுவனம் 1986-ஆம் ஆண்டிலேயே இதற்கொரு எளிய வழிமுறையை வெளியிட்டது. லேசான வலிக்குப் பாராசிட்டமால் போன்ற மருந்துகள், அதற்கு அடங்காவிட்டால் கோடீன் வகை, கடும் வலிக்கு மார்ஃபின் என மூன்று படிகள். கூடியவரை வாய்வழியாகவே கொடுக்க வேண்டும். வலி வரட்டும் என்று காத்திராமல் மணி பார்த்துக் கொடுக்க வேண்டும். சாதாரண மார்ஃபின் மாத்திரை என்றால் நான்கு மணிக்கொரு முறை. 2018-இல் வந்த புதிய நெறிமுறைகள், இந்தப் படிகளைப் பொதுவான வழிகாட்டியாகக் கொண்டு, ஒவ்வொரு நோயாளியின் வலிக்கும் ஏற்ப மருந்தை முடிவு செய்யச் சொல்கின்றன.

மருந்துக்கான அபினைச் சட்டப்படி பயிரிடும் நாடு நம்முடையது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அது விளைகிறது. ஆனாலும் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகு, பல உரிமங்கள் வாங்கும் தொல்லைக்கு அஞ்சிப் பல மருத்துவமனைகள் மார்ஃபின் வைத்திருப்பதையே விட்டுவிட்டன. 2014-இல் வந்த திருத்தம் இந்த நடைமுறையை எளிதாக்கியது. எனினும் சட்டம் மாறினால் மட்டும் போதாது. மருந்தை அறிந்து கொடுக்கும் கைகளும் வேண்டும்.

அந்தக் கைகள் பெரும்பாலும் நர்ஸ்களுடையவை. டாக்டர் வந்து பார்ப்பது சில நிமிடங்கள். நாள் முழுவதும் அருகில் இருப்பவர் நர்ஸ்தான். பயிற்சி பெற்றவர், காய்ச்சலையும் நாடியையும் குறிப்பதுபோல், "பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் உங்கள் வலி எவ்வளவு?" என்று கேட்டு அதையும் குறித்து வைப்பார். மார்ஃபின் மலச்சிக்கலை உண்டாக்கும் என்பதால், கூடவே மலமிளக்கி எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார். புண்ணில் துர்நாற்றம் வந்தால், மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவி அதைக் குறைக்கவும் அவருக்குத் தெரியும். விலை மலிவான மருந்துதான். ஆனால் வீட்டார் முகம் சுளிக்காமல் அருகில் உட்கார முடிகிறதே, அந்த ஆறுதலுக்கு விலை உண்டா?

இதைச் செய்து காட்டியது நம் அண்டை மாநிலமான கேரளம். 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியோர் தொடங்கிய வலி தணிப்புச் சேவை, தொண்டர்களின் துணையோடு மாநிலமெங்கும் பரவியது. 2008-இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. பயிற்சி பெற்ற நர்ஸ் ஊராட்சியின் ஏற்பாட்டில் நோயாளியின் வீட்டுக்கே செல்லும் முறை அங்கு வேரூன்றிவிட்டது.

வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இன்னொரு சிரமமும் உண்டு. ஊரிலிருந்து சிகிச்சைக்காக வந்து தங்கும் அம்மாவுக்கோ மாமனாருக்கோ இந்தி தெரியாது. "வலிக்கிறதா?" என்று சைகையில் கேட்டால், பிள்ளைகளுக்குத் தொந்தரவு வேண்டாமென்று "பரவாயில்லை" என்று தலையாட்டிவிடுவார்கள். தமிழில் பொறுமையாகக் கேட்டு நர்ஸிடம் எடுத்துச் சொல்லுங்கள். எங்கே வலி, எப்போது அதிகம், மருந்து எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மார்ஃபின் என்றதும் அடிமையாகிவிடுவாரோ என்று பயப்பட வேண்டாம். புற்றுநோய் வலிக்காக டாக்டர் சொன்ன அளவில் சாப்பிடுபவர்களிடம் அது அபூர்வம். ஆனால் டாக்டரைக் கேட்காமல் திடீரென நிறுத்தவோ அளவை மாற்றவோ கூடாது.

மும்பை பாந்த்ராவில் 1986 முதல் இயங்கும் சாந்தி அவேதனா சதன், பெங்களூரில் கருணாஷ்ரயா ஆகியவை நோயாளிகளைத் தங்கவைத்து இலவசமாகப் பராமரிக்கின்றன. டில்லியில் 1996-இல் தொடங்கிய கேன்சப்போர்ட் வீட்டுக்கே வந்து இலவசமாகக் கவனிக்கிறது. கடைசி நாட்கள் வரை காத்திருக்காமல், நோய் தெரிந்த நாளிலிருந்தே "வலி தணிப்புச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா?" என்று மருத்துவமனையில் கேளுங்கள். கேட்பது நம் உரிமை. நம் பெரியவர்கள் வலியின்றி உறங்க வழி செய்வது நம் கடமையும்கூட.