வானைக் கேட்காமல் வழி காண்பது

கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலைக்கு ஏறும் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், சாலையோர மரங்கள் விர்ரென்று பின்னால் ஓடுவதைப் பார்க்கலாம். எதிர்ச்சரிவு மெல்ல நகரும். தூரத்து முகடோ நம்மோடு கூடவே வரும். கண்ணில் ஓடும் இந்தக் காட்சியின் வேகம் நமக்கு வேடிக்கை. அந்தச் சரிவுகளில் பறக்கும் தேனீக்கு அதுதான் அளவுகோல்.

இதைச் சோதித்துக் காட்டியவர்களில் முதன்மையானவர், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்து ஆஸ்திரேலியாவில் ஆய்வு செய்த மண்டயம் ஸ்ரீநிவாசன். சுவரெல்லாம் கோலம்போல் வடிவங்கள் நிறைந்த, சுமார் 6 மீட்டர் நீளக் குறுகிய சுரங்கம் ஒன்றில் தேனீக்களைப் பறக்கவிட்டார். கூட்டுக்குத் திரும்பிய தேனீக்கள், உணவிருக்கும் தூரத்தைத் தெரிவிக்கும் தங்கள் நடனத்தில், ஏறத்தாழ 200 மீட்டர் பறந்து வந்ததாகச் ‘சொல்லின’. சுவர் அத்தனை அருகில் இருந்ததால் காட்சி அத்தனை வேகமாக ஓடியிருக்கிறது. சுவரின் வடிவங்களை நீளவாக்குக் கோடுகளாக மாற்றியதும், பறக்கும்போது கண்ணில் எதுவும் ஓடவில்லை. உணவு கூட்டுக்கு வெகு அருகில் இருப்பதுபோல் ஆடின. காட்சியில் மாற்றம் இல்லையென்றால் தேனீக்குத் தூரம் தெரிவதில்லை. இந்த முடிவுகள் 2000-ஆம் ஆண்டு வெளியாயின.

தேனீ தன் கண்ணை நம்புகிறது. நாம் அன்றாடம் காணும் டிரோன்களில் பெரும்பாலானவையோ, ‘நான் எங்கே இருக்கிறேன்’ என்று செயற்கைக்கோள்களைத்தான் கேட்கின்றன. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து தரைக்கு வந்து சேரும் சைகையின் ஆற்றல், ஒரு வாட்டில் நூறு கோடி கோடியில் ஒரு பங்கு அளவுதான். இத்தனை மெலிந்த ஒன்றைக் குறுக்கிட்டுக் கெடுப்பது எளிது; போர்முனைகளில் இன்று அதுவே நடக்கிறது. மலையில் எதிரி வேண்டியதில்லை, பாறையும் மரமும் போதும். இடத்தைத் துல்லியமாகக் கணிக்கக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தெரிய வேண்டும். முகட்டுக்கு மேலே பறக்கும்வரை கவலையில்லை. இரண்டு சரிவுகளுக்கு நடுவே, மரக்கூட்டத்தை ஒட்டி ஒரு குக்கிராமத்தின் களத்தில் இறங்கும்போது வானம் சுருங்கிவிடும். பாறையில் பட்டுத் திரும்பி வரும் சைகை கணக்கையும் பிசகச் செய்யும். டிரோனுக்குத் துல்லியம் மிகவும் தேவைப்படுவதும் அந்த நேரத்தில்தான்.

வானம் கைவிட்டால் தன் உடலின் அசைவைக் கொண்டே வழி கணக்கிடலாமே? டிரோனுக்குள் முடுக்கத்தையும் திரும்பலையும் உணரும் சிறு சில்லுகள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் சிறு பிழையும் பெருகிக்கொண்டே போகும். புவியீர்ப்பு முடுக்கத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு உணரி தவறாகச் சொன்னால், ஒரு நிமிடத்தில் 18 மீட்டர் விலகல். பத்து நிமிடத்தில் ஒன்றே முக்கால் கிலோமீட்டர். கல்வராயனில் அந்த விலகல் அடுத்த பள்ளத்தாக்கில் கொண்டுபோய் விட்டுவிடும்.

ஆகவே கண் வேண்டும். கேமரா எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் ஒரு பாறையின் முனை, கூரையின் மூலை, நிழலின் விளிம்பு என்று நூற்றுக்கணக்கான அடையாளப் புள்ளிகளைக் கணினி தேர்ந்தெடுக்கிறது. அடுத்த படத்தில் அவை எவ்வளவு நகர்ந்தன என்று பார்த்து, தான் எவ்வளவு நகர்ந்தோம் என்று கணக்கிடுகிறது. தனிக் கேமராவால் அருகிலுள்ள சிறு கல்லையும் தொலைவிலுள்ள பெரும்பாறையையும் பிரித்தறிய முடியாது. அந்த அளவை அசைவு உணரிகள் தருகின்றன. உணரிகளின் பிழை பெருகாமல் கேமரா பிடித்து நிறுத்துகிறது.

இந்த வித்தை ஜிபிஎஸ்ஸே இல்லாத செவ்வாயில் பலித்தது. ‘இன்ஜெனுவிட்டி’ என்ற சிறு ஹெலிகாப்டர், கீழ்நோக்கிய ஒரு கறுப்பு வெள்ளைக் கேமரா, ஒரு லேசர் உயரமானி, கைப்பேசியில் இருப்பதைப் போன்ற ஒரு செயலி ஆகியவற்றின் துணையோடு 2021 ஏப்ரல் 19-இல் எழும்பியது. ஐந்து முறை பறந்தால் போதும் என்று அனுப்பியது 72 முறை பறந்தது. 2024 ஜனவரி 18-இல் அடையாளமே இல்லாத மணல் அலைகளின்மேல் இறங்கும்போது, பிடித்துக்கொள்ளப் போதிய புள்ளிகள் கிடைக்காமல் வேகத்தைத் தவறாகக் கணித்தது. தரையில் மோதியதில் அதன் இறக்கைகள் முறிந்தன. நீளவாக்குக் கோடுகளுக்கு நடுவே தேனீக்கு நேர்ந்ததும் இதேதான்.

இன்ஜெனுவிட்டியின் தலைமைப் பொறியாளர் பாப் பலராம், சென்னை ஐஐடியில் 1980-இல் பட்டம் பெற்றவர். செவ்வாயில் ஹெலிகாப்டர் என்ற திட்டத்தை 1990-களிலேயே முன்வைத்தார். நல்ல யோசனை என்றார்கள், பணம் தரவில்லை. ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் அது அலமாரியில் கிடந்தது. பிறகு ஒரு நிர்வாகி டிரோன்கள் பற்றிய உரை ஒன்றைக் கேட்டு, ‘இதைச் செவ்வாயில் செய்ய முடியுமா’ என்று விசாரித்தபோதுதான் தூசி தட்டப்பட்டது. அறிவு ஒருபுறம் காத்திருக்க, அதைக் கேட்கும் பணப்பை வந்து சேர இத்தனை காலம் ஆகியிருக்கிறது. எனக்கு இந்தக் கதையில் வியப்பைவிட ஆதங்கமே மிகுதி.

நம் நாட்டில் இப்போது பணப்பைகள் திறக்கத் தொடங்கியிருக்கின்றன. புது நிறுவனங்களின் பாதுகாப்புத் துறைக் கண்டுபிடிப்புகளுக்கு நிதி தரும் ‘ஐடெக்ஸ்’ திட்டம், 2018 ஏப்ரலில் சென்னைக்கு அருகே திருவிடந்தையில் நடந்த ராணுவக் கண்காட்சியில்தான் தொடங்கியது. தொடக்கத்தில் 1.5 கோடி ரூபாய் வரை தந்தார்கள். பின்னர் வந்த பிரிவுகளில் 10 கோடி, 25 கோடி என்று வரம்பு உயர்ந்தது. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் ஆளில்லா விமானங்களைச் சோதிக்க 45 கோடி ரூபாயில் ஒரு மையம் திட்டமிடப்பட்டது. இஸ்ரோவின் மாணவர் போட்டியும், செயற்கைக்கோள் உதவியின்றிப் பறந்து, பாதுகாப்பாக இறங்க ஏற்ற இடத்தைத் தானே கண்டுபிடிக்கும் டிரோனைக் கேட்டது. களம் செவ்வாயை ஒத்த தரை.

பணம் தருபவர் என்ன கேட்கிறாரோ, அதைப் பார்க்கவே டிரோன் பழகும். ராணுவம் கேட்டால் சைகைத் தடுப்புக்கு நடுவே இலக்கைத் தேடப் பழகும். விண்வெளி ஆய்வாளர் கேட்டால் செம்மணலில் இறங்கப் பழகும். கல்வராயன் கேட்பது வேறு. இங்கே இலைகள் காற்றில் ஆடுகின்றன. ஆடும் இலையை அசையாத அடையாளமாக எடுத்துக்கொண்டால் கணக்கு தடுமாறும். பனிமூட்டம் காலையில் கண்ணை மறைக்கும். வழிகாட்டக் கோடையில் எடுத்து வைத்த படத்தில் பழுப்பாக இருந்த சரிவு ஐப்பசி மழைக்குப் பின் பச்சையாக நிற்கும். மரவள்ளி பிடுங்கிய நிலம் வேறோர் இடம்போலத் தெரியும். இதையெல்லாம் பழக்க இந்த மலைதான் பள்ளிக்கூடம். மேற்கே சேலம், தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் ஒன்று. பொறியியல் கல்லூரிகளுக்கும் அங்கே குறைவில்லை.

தேவையும் கண்முன்னே இருக்கிறது. கல்வராயன் மலை மக்களின் சாலையும் வாழ்வாதாரமும் குறித்து 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. டிரோன் சாலைக்கு மாற்று ஆகாது. சாலை வந்தே தீர வேண்டும். ஆனால் பாம்புக்கடிக்கான மருந்தும் பரிசோதனைக்கான ரத்தமும் சாலைக்காகக் காத்திருக்க முடியாது. 2021 அக்டோபரில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மணிப்பூரில் லோக்டக் ஏரித் தீவு ஒன்றுக்குத் தடுப்பூசியை டிரோனில் அனுப்பியது. தரைவழியில் 26 கிலோமீட்டர். வான்வழி 15 கிலோமீட்டர் கால் மணி நேரத்துக்குள் முடிந்தது.

அதே போன்ற தூரத்துக்கு ஒரு பரிசுப் போட்டியைச் சுகாதாரத் துறை இங்கே அறிவிக்கட்டும். கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலையிலிருந்து புறப்பட வேண்டும். முகடு கடந்ததும் ஜிபிஎஸ் நிறுத்தப்படும். மூன்று கிலோ மருந்துப் பெட்டியோடு மலையாளிப் பழங்குடியினரின் குக்கிராமம் ஒன்றின் பள்ளித் திடலில் இறங்க வேண்டும், ஐப்பசியில் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை. முதலாண்டில் எல்லோரும் தோற்றாலும் இரண்டாம் ஆண்டுக்கான பணத்தை இப்போதே ஒதுக்கி வைக்க வேண்டும்.