புயலுக்குப் பின் விளக்கில்லாத வீடு

சித்திரை, வைகாசி மாதங்களில் அடிக்கும் சூறைக்காற்றும் இடிமழையும் சிறிது நேரத்தில் ஓய்ந்துவிடுகின்றன. ஆனால், அவற்றால் நின்றுபோன மின்சாரம் திரும்ப வருவதற்கு ஒரு நாளும் ஆகலாம், பல நாட்களும் ஆகலாம். 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயல் காவிரிக் கழிமுகத்திலும் அதனை அடுத்த மாவட்டங்களிலும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின் கம்பங்களைச் சாய்த்தது. அது வெயில் தணிந்த பருவம். 2019 மே 3 அன்று ஒடிஸாவில் பூரிக்கு அருகே கரை கடந்த ஃபானி புயலோ கொடுங்கோடையில் வந்தது. விசிறியும் குழாய்த் தண்ணீரும் இன்றி மக்கள் நாட்கணக்கில் வெயிலில் வாடினர். இத்தகைய வேளையில் நம் அங்கத்தினர்கள் செய்ய வேண்டுவன யாவை என்பதைக் காண்போம்.

மின்சாரம் நின்றுவிட்டது என்று நம்புவதே முதல் அபாயமாகும். அறுந்த கம்பி காய்ந்த மண்ணில் கிடக்கும்போது, பாதுகாப்புக் கருவி செயற்படுவதற்குப் போதிய மின்னோட்டம் பாயாமற் போகலாம். அப்பொழுது கம்பியில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அன்றியும், முறையான மாற்றுச் சுவிட்சு இல்லாமல் ஒரு வீட்டில் ஜெனரேட்டரை இணைத்தால், அம்மின்சாரம் தெருக்கம்பிக்குப் பின்னோக்கிப் பாய்ந்து, கம்பத்தில் ஏறிய தொழிலாளியின் உயிரையே பறிக்கக்கூடும். ஆகையால் அறுந்த கம்பியிலிருந்து 10 மீட்டர் தூரத்துக்குள் மனிதரும் மாடும் செல்லாதபடி காவல் வைத்து, மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணுக்குத் தெரிவித்தல் வேண்டும்.

அடுத்து, மின்சாரம் திடீரெனத் திரும்பும் கணத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். விசைத்தறியின் சுவிட்சை நிறுத்தி வைக்காவிடில், இழை முடிந்துகொண்டிருப்பவர் கை தறியில் இருக்கும்போதே அது ஓடத் தொடங்கலாம். கிணற்று மோட்டாரின் தானியங்கி ஸ்டார்ட்டரும் அவ்வாறே. ஆதலின் தறி, மோட்டார், குளிர்பெட்டி அனைத்தையும் நிறுத்தி, ஒரே ஒரு விளக்கின் சுவிட்சை மட்டும் போட்டு வைத்தல் நலம். மின்சாரம் வந்ததை அவ்விளக்கே அறிவிக்கும்.

மண்ணெண்ணெய் விளக்கையும் மெழுகுவர்த்தியையும் பாவு, நூற்சிட்டம், வைக்கோல் ஆகியவற்றின் பக்கத்தில் வைக்கலாகாது. ஜெனரேட்டரையோ கரி அடுப்பையோ வீட்டினுள்ளும் திண்ணையிலும் மூட்டலாகாது. அவற்றிலிருந்து வெளிப்படும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குபவர் விழிக்காமலே மாண்டுபோவர்.

குளிர்பெட்டியைத் திறவாதிருந்தால் ஏறத்தாழ 4 மணி நேரம் குளிர் நிற்கும். அதன்பின் பாலையும் சமைத்த உணவையும் நம்புதல் தகாது. இன்சுலின் மருந்தை நீர்படாத சிறு டப்பாவில் மூடி, ஈர மணல்மேல் வைத்த மண்பானைக்குள் நிழலில் வைக்கலாம். குடிநீரைக் கொதிக்கவைத்தே பருகவேண்டும்.

வெயிலின் கொடுமை முதியோரையும், கைக்குழந்தைகளையும், கருவுற்ற பெண்களையும் முதலில் தாக்கும். ஈரத் துணியால் உடலைத் துடைத்தலும், நீர்மோர், பழையசோற்று நீர் அருந்துதலும் நற்பயன் தரும். வயிற்றுப்போக்கு உண்டானால், 1 லிட்டர் கொதித்தாறிய நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், கரண்டியின் விளிம்பளவே எடுத்துக் கரைத்து, சிறுகச் சிறுகக் கொடுக்கவும். உடல் கொதித்து, பேச்சுத் தடுமாறினால் அது வெயில் பிணியாகும். உடனே உடலெங்கும் நீர் வார்த்து 108 வண்டியை அழைக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றுதல் கூடாது.

இவையெல்லாம் தனி ஒரு குடும்பத்தால் ஆகும் காரியங்கள் அல்ல. ஒவ்வொரு சங்கமும் பங்குனி முடிவதற்குள், தனியே வசிக்கும் முதியோர், இன்சுலின் போட்டுக்கொள்வோர், கைக்குழந்தை உள்ள வீடுகள் ஆகியவற்றின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, ஒவ்வொரு தெருவுக்கும் இரு அங்கத்தினரைப் பொறுப்பாக்க வேண்டும். கைப்பம்பு உள்ள கிணறு எது, சூரிய விளக்கு எவரிடம் உள்ளது, செல்பேசிக்கு மின்னேற்ற எங்கே வசதி என்பதையும் அதிற் குறித்துக்கொள்வது அவசியம். கடனுக்கும் நூலுக்கும் கணக்கு வைக்கும் சங்கம், ஆபத்துக் காலத்தில் கதவைத் தட்டிப் பார்க்க வேண்டிய வீடுகளுக்கும் ஒரு கணக்கு வைத்தல் தகும். அடுத்த மாதாந்திரக் கூட்டத்திலேயே இதனைப் பொருளாக வைக்குமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.