அணைக்குள்ளே ஒரு கோயில் மதில்!

செந்துறையிலிருந்து ஜெயங்கொண்டம், மீன்சுருட்டி என்று தெற்கே இறங்கினால் அணைக்கரை. கும்பகோணம் போகிறவர்கள் பஸ் ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்து, "அட, தண்ணி வந்திருக்கே!" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிடுவார்கள். நாம் அப்படிப் போகப்போவதில்லை. இறங்குங்கள், ஊரின் கொல்லைப்புறத்துக்கே கூட்டிப்போகிறேன்!

கொள்ளிடம் இங்கே இரண்டாகப் பிரிந்து, நடுவில் ஒரு திட்டை விட்டுவிட்டு ஓடுகிறது. ஊர் அந்தத் திட்டில். அதனால் அணையும் வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை இது. முக்கொம்பு மேலணையும் அதே காலத்து வேலைதான். இவ்வளவு பெரிய ஆற்றின் மணலில் அணை நிற்குமா என்று அவருக்கு யார் தைரியம் சொன்னது? கல்லணை! மணலில் அஸ்திவாரம் போடுகிற வித்தையைச் சோழர் கட்டுமானத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, பிற்பாடு கோதாவரி வரைக்கும் போய் அதையே செய்தார்.

ஷட்டர்களுக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். மேட்டூர் நிரம்பினால் முக்கொம்பில் மிச்சத் தண்ணீர் கொள்ளிடத்தில் இறங்கும். அது கடலுக்குப் போகும் முன் மறிக்கிற பெரிய கை இந்தக் கீழணை. லஸ்கர்கள் ஷட்டரை ஏற்றி இறக்குவதைப் பொறுத்து வடவாறு, வடக்கு ராஜன், தெற்கு ராஜன் வாய்க்கால்கள் உயிர்பெறும். வடவாறு நேரே வீராணத்துக்குப் போகிறது. 'பொன்னியின் செல்வன்' நாவலில் வந்தியத்தேவன் குதிரையை நிறுத்தி வேடிக்கை பார்த்த அதே வீராணம்! 2004-லிருந்து சென்னைக்கும் அங்கிருந்து குடிநீர் போகிறது. ஆக, மயிலாப்பூர்க் குழாயடிச் சண்டைக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தம் உண்டு.

இப்போது கிட்டே வாருங்கள், பெரிய ரகசியம் ஒன்று. இந்த அணைக்குக் கல் எங்கிருந்து வந்தது தெரியுமா? பக்கத்திலிருக்கிற கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து! ராஜேந்திர சோழன் கட்டிய கோயிலின் சுற்றுமதிலையும் கோபுரத்தையும் பெயர்த்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஊர் ஜனங்கள் மறித்தார்கள், தண்டனைதான் மிச்சம். கல்மதிலுக்குப் பதில் செங்கல்மதில் கட்டித்தருவதாக ஒரு வாக்குறுதி. அது காப்பாற்றப்படவில்லை என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு நடுவில் எழுதப்பட்ட குறிப்பு ஒன்று பொருமுகிறது. காட்டனைக் கும்பிடுகிற டெல்டாக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, எனக்கு இதில் மனசு ஆறவே இல்லை. கங்கைத் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றி, சோழகங்கம் என்ற ஏரியையே வெற்றித்தூணாக நிறுத்தினவன் ராஜேந்திரன். அவன் கோயில் கல்லும் கடைசியில் தண்ணீருக்கே காவலுக்குப் போயிற்று!

நல்லவேளை, அந்தக் கோயிலின் விமானத்தில் கை வைக்கவில்லை. தஞ்சாவூர் விமானம் விறைப்பாக நிமிர்ந்து நிற்கும். இது நடுவில் லேசாக உள்வாங்கி நெளிந்து ஏறுகிறது. 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தாயிற்று. வடக்கு வாசல் பக்கம் போய், சிவன் சண்டிகேசர் தலையில் பூமாலை சுற்றுகிற சிற்பத்தைப் பாருங்கள். சண்டிகேசர் முகத்தின் பணிவுக்காகவே இன்னொரு தடவை வரலாம். சிம்மக் கிணற்றையும் விட்டுவிடாதீர்கள்.

காட்டுயிர் விஷயமும் உண்டு. ஆறு மாதம் குடித்தனம் நடத்தும் பறவைகளுக்கு, அரியலூர் மாவட்டத்தில் கரைவெட்டி ஏரி. 2024-ல் ராம்சார் ஈரநிலம் என்ற தகுதி பெற்றது. இமயத்தைத் தாண்டிப் பறந்து வருகிற வரித்தலை வாத்து அங்கே நெல்வயல் ஓரம் சாவகாசமாக மேயும். நவம்பர் தொடங்கிப் போனால் பார்க்கலாம், பைனாகுலர் அவசியம்.

அணைக்கரைக்குப் பைனாகுலர் வேண்டாம், கண்ணைத் திறந்து வைத்திருந்தால் போதும். கொள்ளிடத்தில் முதலைகள் இருக்கின்றன. கடல்முகத்து உப்புநீர் முதலை இல்லை, நம் நன்னீர் முதலை. தண்ணீர் வடிந்த காலத்தில் மணல்திட்டில் வாயைப் பிளந்து வெயில் காயும். கட்டைதானே என்று செல்ஃபிக்கு இறங்கிவிடாதீர்கள்!

பசித்தால் ரோட்டோரத்தில் ஆற்றுமீன் வறுவல். "முதலை இருக்கிற ஆத்துலயா அக்கா மீன் புடிக்கிறீங்க?" என்று கேட்டேன். வாணலியிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் வந்தது: "அது தின்னது போக மிச்சந்தான் தம்பி. சூடா இருக்கு, சாப்பிடுங்க."